இடது பக்கம் மட்டும் ஏன் வெளுத்தது? கோத்தகிரிக் குறைமாதக் குழந்தை ஒன்றின் நுரையீரலும் சிரையும்

27 வாரத்தில் 880 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தை. பெற்றோர் கோத்தகிரி வட்டாரத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள். வீடு ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வரிசையில். பிறந்து ஐந்து மாதம் ஆனபோது, குறைய வேண்டிய ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போனது. மலை உயரம், பனிக்காலச் சளி, குறைமாத நுரையீரல் என்று மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. மூன்றும் பொய்யல்ல. ஆனால் மூன்றையும் சேர்த்துக் கூட்டினாலும் கணக்கில் அடங்காத ஒன்று எக்ஸ்ரேயில் இருந்தது: இடது நுரையீரல் மட்டும் வெளுத்திருந்தது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி எழுதியிருக்கிறேன்.

பிறப்பு முதல் வீடு வரை

தாய்க்கு 27ஆம் வாரத்தில் ரத்த அழுத்தம் எகிறியது. குழந்தையின் நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியின் முதல் டோஸை மலையிலேயே போட்டு, 108 வண்டியில் குஞ்சப்பனை வழியாகக் கீழே இறக்கினார்கள். மறுநாள் கோயம்புத்தூரில் சிசேரியன். காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட் கொடுக்கப்பட்டது, 9 நாள் வென்டிலேட்டர், அப்புறம் பல வாரம் மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று தரும் சிபாப். பிறந்தபின் மூட வேண்டிய, ஆனால் மூடாமல் இருந்த டக்டஸ் என்ற ரத்தக் குழாய் பாராசிட்டமாலிலேயே மூடிக்கொண்டது. நான்காவது வாரத்தில் குடல் அழற்சி வந்து, வாய்வழிப் பாலை நிறுத்தி ஆன்டிபயாட்டிக்கோடு சமாளித்தார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. இதயத்தின் மேலறைகளுக்கு இடையே 4 மி.மீ. ஓட்டை ஒன்று இருந்தது. அவசரமில்லை என்று விட்டுவைத்தார்கள்.

கருவயதுக் கணக்கில் 36 வாரம் முடிந்தபோது மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. 2019இல் வந்த தர வரிசைப்படி இது முதல் நிலை பி.பி.டி., அதாவது பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா என்ற குறைமாத நுரையீரல் நோய். 1967இல் நார்த்வேயும் உடன் பணியாற்றியவர்களும் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, அது வென்டிலேட்டரின் அழுத்தமும் ஆக்சிஜனும் புண்ணாக்கிய நுரையீரல். இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் வேறு. காற்றுப் பைகளும் அவற்றைச் சுற்றிய நுண்குழாய்களும் பிரிந்து பெருக வேண்டிய நேரத்தில் நின்றுபோன நுரையீரல். இதில் ரத்தக் குழாயும் பாதிக்கப்பட்ட கட்சிதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பி.பி.டி. என்றதும் காற்றைப் பற்றி மட்டுமே நினைக்கும் வழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

39 வாரத்தில், 2.1 கிலோ எடையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கோயம்புத்தூரில், வெறும் காற்றில், ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 94–95 சதவீதம். அன்று எடுத்த எக்கோவில், அதாவது இதய அல்ட்ராசவுண்டில், நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் நான்கு நுரையீரல் சிரைகளும் தங்கு தடையின்றி இடது மேலறையில் சேர்வதாக எழுதியிருந்தது. அந்த அறிக்கை சரியானதே. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் சிரைச் சுருக்கம் பெரும்பாலும் பிறக்கும்போது இருப்பதில்லை. சிரையின் உட்சுவரில் தசைத் தன்மையும் நார்த் தன்மையும் கொண்ட செல்கள் பெருகி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வாயைக் குறுக்குகின்றன. ஒருநாள் நன்றாக இருந்த சிரை மூன்று மாதத்தில் நூலாகிவிடலாம்.

மலை ஏறியதும்

மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 325 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சுமார் 730 மி.மீ. பாதரசம், 1,800 மீட்டரில் சுமார் 615. மூச்சுக்குழலின் ஈரப்பதத்துக்கு 47ஐக் கழித்து, மீதியில் 21 சதவீதம் பார்த்தால், உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் கீழே 143, மேலே 119. முப்பதுசொச்சம் கிலோமீட்டர் பயணத்தில் 24 புள்ளி போய்விடுகிறது. நல்ல நுரையீரலுக்கு இது பெரிய விஷயமில்லை. ஏற்கனவே விளிம்பில் நிற்கும் நுரையீரலுக்கு, ஆக்சிஜன் அழுத்தத்தையும் ரத்தச் செறிவையும் இணைக்கும் வளைகோட்டின் சமதளத்திலிருந்து சரிவுக்கு இறங்குவதாகிவிடும்.

வீட்டுக்கு வந்த வாரமே செறிவு 88–89. கால் லிட்டர் ஆக்சிஜன் வைத்ததும் 94. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்று, மழையில் மரம் சாய்ந்து கரண்டு போனால் வேண்டுமே என்று சிலிண்டர் ஒன்று. இதுவரை எல்லாம் எதிர்பார்த்தது. பாட்டிக்குத்தான் புரியவில்லை. "காத்து மாத்த ஊருலகமே இங்க வருது, எம் பேத்திக்கு மட்டும் இந்தக் காத்து ஆகாதாக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. மலைக்காற்று சுத்தமானது, ஆனால் மெலிந்தது; இவளுக்கு வேண்டியது அடர்த்தி.

பிறந்து நான்கரை மாதம்வரை எடை ஏறியது. பிறகு நின்றது. மூச்சு நிமிடத்துக்கு 64. ஆக்சிஜன் கால் லிட்டரிலிருந்து அரை லிட்டரானது. காய்ச்சல் இல்லை, மூக்குச் சளிப் பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. வைரஸ் இல்லை. எக்ஸ்ரேயில் வெண்மை இருந்ததால் பால் புரையேறி நுரையீரலுக்குள் போகிறதோ என்று பார்த்தோம்; குடிக்கும்போது இருமலோ திணறலோ இல்லை.

அம்மா சொன்ன ஒரு வரிதான் முதல் துப்பு. "பால் குடிக்கையில நெத்தி வேர்க்குதுங்க டாக்டரம்மா. இந்தக் குளிர்ல எங்க யாருக்கும் வேர்க்கல." பால் குடிப்பதுதான் இந்த வயதின் உடற்பயிற்சி. அதில் வேர்த்தால் இதயம் திணறுகிறது என்று பொருள். மார்கழிக் கோத்தகிரியில் கைக்குழந்தைக்கு வேர்க்கிறது என்று ஒரு தாய் சொன்னால் அதை ஆய்வுக்கூட முடிவுக்கு மேலாக எடுத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் உப்பியிருந்தன. கரடுமுரடான கோடுகள், ஆங்காங்கே கருமையான காற்றுத் திட்டுகள். இது பி.பி.டி.யின் வழக்கமான முகம். இடது பக்கத்தில் மட்டும் இதற்குமேல் ஒரு மெல்லிய மூட்டமும், வெளிவிளிம்பில் நுரையீரல் உறையை நோக்கி நேராகப் போகும் சிறு கோடுகளும் தெரிந்தன. கெர்லி பி கோடுகள். நுரையீரலின் சிறுமடல்களுக்கிடையேயான சுவர்களில் நீர் தேங்கும்போது வருபவை. பி.பி.டி. இருக்கிற படத்தில் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது சிரமம், ஏனென்றால் பி.பி.டி.யிலும் கோடுகள் உண்டு. அந்தக் கோடுகள் தடித்தவை, கோணல்மாணலானவை, பக்கத்திசுவை இழுத்துப் பிடிப்பவை. இவை மெல்லியவை, வழவழப்பானவை. பி.பி.டி. பொதுவாக இரண்டு பக்கத்தையும் தாக்கும். ஒரு பக்கத்துக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

மலையிலேயே எடுத்த எக்கோவில் வலது கீழறையின் அழுத்தம், வால்வுக் கசிவின் வேகத்தை வைத்துக் கணக்கிட்டதில், உடல் ரத்த அழுத்தத்தின் மூன்றில் இரண்டு பங்கு. பி.பி.டி.யும் உயரமும் சேர்ந்தால் நுரையீரல் ரத்த அழுத்தம் கூடும் என்பது பாடம். இதயநோய் மருத்துவரின் ஆலோசனைப்படி, நுரையீரல் தமனிகளைத் தளர்த்தும் சில்டெனாஃபில் தொடங்கப்பட்டது. உப்பிய நுரையீரல் குறுக்கே நின்றதால் சிரைகள் எக்கோவில் தெளிவாகப் பிடிபடவில்லை.

மருந்து செய்த வேலை

நான்காம் நாள் குழந்தை மோசமானாள். ஆக்சிஜன் முக்கால் லிட்டர். நெஞ்சில் நுண்ணிய கரகரப்பு. எக்ஸ்ரேயில் வலது பக்கம் அப்படியே இருக்க, இடது பக்கத்து மூட்டம் கூடியிருந்தது. நீர் இறக்கும் ஊசி ஒன்று போட்டதும் ஒரே இரவில் பாதி தெளிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உயரத்தில் ஆக்சிஜன் குறையும்போது சுருங்குவது நுரையீரல் தமனிகள், அதாவது ரத்தம் உள்ளே வரும் வழி. வழி குறுகினால் பின்னால் இருக்கும் வலது இதயத்தில் அழுத்தம் ஏறும். பொதுவாக நுரையீரலுக்குள் நீர் கோக்கக் காரணமில்லை. சிரை குறுகினால் அடைபடுவது வெளியேறும் வழி. கடைமடையை அடைத்துவிட்டுத் தலைமதகைத் திறந்தால் வயல் என்ன ஆகுமோ அதுதான் சில்டெனாஃபில் இங்கே செய்தது: தமனியைத் திறந்தது, ரத்தம் கூடுதலாக உள்ளே வந்தது, போக வழியில்லாமல் நீர் கசிந்தது. நுரையீரல் அழுத்தத்துக்கான மருந்து கொடுத்ததும் நுரையீரல் ஈரமானால், மருந்தின் அளவைப் பற்றி வாதிடுவதற்கு முன் சிரையைப் பார்க்க வேண்டும். மருந்து நிறுத்தப்பட்டது.

மலைவாசிகளுக்குக் கைவசம் இன்னொரு பரிசோதனையும் இருக்கிறது, கீழே இறங்குவது. ஆக்சிஜனோடு வண்டியில் இறக்கினோம். மேட்டுப்பாளையத்தில் கால் லிட்டரில் செறிவு 95. கூட வந்த அப்பாவுக்கு நிம்மதி. "கீழ வந்ததும் சரியாயிடுச்சுங்களே" என்றார். செறிவு சரியானது உண்மை. ஆனால் மூச்சு அப்போதும் 60க்குக் குறையவில்லை. பால் குடிக்கும்போது வேர்வை நிற்கவில்லை. கோயம்புத்தூரில் மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில் இடது பக்கக் கோடுகள் அப்படியே இருந்தன. உயரம் ஒன்றே காரணமாக இருந்திருந்தால் இவை எல்லாம் ஒன்றாகத் தணிந்திருக்க வேண்டும். மலையின் பங்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று இந்த ஒரு பயணம் பிரித்துக் காட்டிவிட்டது. இறக்கிய பிறகு செறிவை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்து திரும்ப ஏற்றும் வழக்கத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆக்சிமீட்டர் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

சிரையைத் தேடி

குழந்தைகள் இதயநிபுணர் இந்த முறை சிரைகளுக்கென்றே நேரம் ஒதுக்கி எக்கோ எடுத்தார். வலது சிரைகள் இரண்டிலும் ரத்த ஓட்டம் இதயத் துடிப்போடு ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் அடிக்கோட்டைத் தொட்டது. இடது மேல் சிரையில் வேகம் நொடிக்கு 2.1 மீட்டர், கலங்கல் ஓட்டம், அடிக்கோட்டுக்குத் திரும்பவே இல்லை. இடது கீழ்ச் சிரையில் எந்தக் கலங்கலும் இல்லை.

கலங்கல் இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எக்கோவில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் அளப்பது வேகத்தை. முழுக்க அடைபட்ட சிரையில் ஓட்டமே இருக்காது. ஓட்டம் இல்லாவிட்டால் வேகமும் இல்லை. போதாததற்கு, ஒரு நுரையீரலின் வெளிவழி அடைபட்டால் ரத்தம் சுலபமான பக்கத்துக்குத் திரும்பிவிடும். குறுகிய சிரை வழியே போவதே கொஞ்சமாகிவிடும். அதனால் எண் சாதுவாகத் தெரியும். அந்தக் கீழ்ச் சிரை நன்றாக இருக்கிறதா, மூடியேவிட்டதா என்பதற்கு எக்கோவிடம் பதில் இல்லை. ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ வேண்டும் என்று முடிவானது.

மயக்க மருந்து கொடுக்கலாமா என்பதில் விவாதம் நடந்தது. நுரையீரல் அழுத்தம் கூடிய குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்தான காரியம்; மூச்சு சிறிது தளர்ந்தாலும் அழுத்தம் தாவும். மறுபுறம், அசைந்தால் படம் வீண். கடைசியில் பாலைக் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, தானாகத் தூங்கவைத்து எடுப்பது என்று தீர்மானித்தோம். இன்றைய வேகமான இயந்திரத்தில் மார்பு முழுவதையும் எடுக்க ஒரு நொடிகூட ஆகாது. 24 அளவு ஊசி கையில். ரத்தக் குழாய்களைப் படத்தில் எடுத்துக்காட்டும் அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்து கிலோவுக்கு 2 மி.லி. வீதம், 3.6 கிலோவுக்கு 7 மி.லி.; பின்னால் கொஞ்சம் சலைன். குழாய் மின்னழுத்தம் 70 கிலோவோல்ட். இவ்வளவு சிறிய உடலுக்குக் குறைந்த மின்னழுத்தமே போதும். கதிர்வீச்சு குறையும், அயோடினும் பளிச்சென்று தெரியும். சேர்ந்த கதிர்வீச்சு ஒரு மில்லிசீவெர்ட்டுக்குக் குறைவு. இயற்கையிலிருந்தே ஓர் ஆண்டில் நமக்குச் சேர்வது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவெர்ட். இதை அம்மாவிடம் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம்.

படத்தில் முதலில் நுரையீரல். வலது பக்கத்தில் கருமையும் வெண்மையும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்தன, காற்று சிக்கிய இடங்கள் கருமையாக, உறையை ஒட்டி முக்கோண வடிவத் தழும்புகள், நீளமான பட்டைகள். சுத்தமான பி.பி.டி. இடது பக்கத்தில் இவை எல்லாம் உண்டு. கூடவே சிறுமடல்களுக்கிடையேயான சுவர்கள் வழவழப்பாகத் தடித்திருந்தன. உறைந்த கண்ணாடி போன்ற மூட்டம். உறையே சிறிது தடித்திருந்தது. மொத்தத்தில் இடது நுரையீரல் வலதைவிடச் சிறுத்திருந்தது. ஒரே குழந்தையின் ஒரே படத்தில், ஒரு பக்கம் பி.பி.டி. மட்டும், மறுபக்கம் பி.பி.டி.யோடு சிரை அடைப்பு. பாடம் நடத்த இதைவிடச் சரியான படம் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து சிரைகள். வலது இரண்டும் 4 மி.மீ. அளவில் திறந்திருந்தன. இடது மேல் சிரை நுரையீரலுக்குள் 3.5 மி.மீ.; இடது மேலறையில் சேரும் வாயில் 1.2 மி.மீ. இடது கீழ்ச் சிரை, மேலறைக்கும் முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனிக்கும் நடுவே, நசுங்கிய கீற்றாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்தது. அந்த இடமே இயல்பில் நெருக்கடியானது. சுவரும் தடித்தால் கேட்க வேண்டியதில்லை. சிரையைச் சுற்றி மங்கலான மென்திசு. நுரையீரலுக்குப் போகும் பெருங்குழாய் பக்கத்திலிருந்த பெருந்தமனியைவிட அகலமாக இருந்தது. இடது தமனி வலதைவிட மெலிந்திருந்தது, அந்தப் பக்கம் ரத்தம் குறைவாகப் போகிறது என்பதற்கு அடையாளம்.

வேறு சாத்தியங்களையும் இதே படம் தள்ளுபடி செய்தது. நான்கு சிரைகளும் இடது மேலறைக்கே வந்தன, தவறான இடத்தில் இணைந்த சிரை எதுவும் இல்லை. மேலறையைக் குறுக்கே பிரிக்கும் சவ்வு இல்லை. சிரையின் வாய்க்கு வெளியே நுண்சிரைகள் மட்டும் அடைபடும் அரிய நோயும் இல்லை.

அளவெடுப்பது பற்றி ஒரு வார்த்தை. முப்பரிமாண வண்ணப்படம்தான் எல்லோருடைய போனுக்கும் போகும். குடும்பத்துக்கு விளக்கவும் நல்லது. ஆனால் அந்தப் படத்தில் ஒளி வரம்பைச் சற்று நகர்த்தினால் 2 மி.மீ. சிரை மறைந்தேபோகும், அல்லது தடிக்கும். அளவை சிரைக்குச் செங்குத்தாக வெட்டிய மூலப்படத்தில்தான் எடுக்க வேண்டும். எந்தத் தளத்தில் எடுத்தோம் என்று அறிக்கையில் எழுதவும் வேண்டும். மூன்று மாதம் கழித்து இன்னொருவர் ஒப்பிடப்போகிறார்.

சிகிச்சையும் இன்றைய நிலையும்

இந்த நோயின் முன்கணிப்பு இனிப்பானதல்ல. திறந்தாலும் திரும்ப மூடும். மூன்று, நான்கு சிரைகளும் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் இறப்பு அதிகம். ஒரே பக்கத்தில் இரண்டு சிரைகள் என்பது இவளுக்கு ஓரளவு சாதகம். குறைமாதப் பிறப்பு, பி.பி.டி., குடல் அழற்சி, மேலறை ஓட்டை ஆகிய நான்கும் இந்தச் சிரைச் சுருக்கத்தோடு சேர்ந்து காணப்படுபவை. இவளிடம் நான்கும் இருந்தன. பி.பி.டி. குழந்தையின் எக்கோ அறிக்கையில் "சிரைகள் இயல்பு" என்ற ஒற்றை வரி போதாது. நான்கு சிரைகளையும் பெயர் சொல்லி, தெரிந்ததா தெரியவில்லையா என்று தனித்தனியாக எழுதச் சொல்லிக் கேட்கிறேன். ஆக்சிஜன் தேவை கூடும் குழந்தைக்கு, பழைய அறிக்கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், புதிதாக எடுக்கச் சொல்கிறேன்.

ரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சிகிச்சை செய்யும் கதீட்டர் அறையில் இடது மேல் சிரையைப் பலூனால் விரித்தார்கள். குறுகிய இடத்தின் இருபுற அழுத்த வித்தியாசம் 9 மி.மீ. பாதரசத்திலிருந்து 2ஆக இறங்கியது. கீழ்ச் சிரையில் கம்பி நுழையவே நேரம் பிடித்தது. சிறிய பலூன் வைத்து ஓரளவு திறந்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு குடும்பத்தின் தலையில் விழவில்லை. போக்குவரத்தும் கூலி இழப்பும் விழுந்தன, அதற்கு அட்டை கிடையாது. செல் பெருக்கத்தை மட்டுப்படுத்த சிரோலிமஸ் தொடங்கப்பட்டது. இந்த நோயில் இது இன்னும் உறுதியாக நிறுவப்பட்ட சிகிச்சை அல்ல என்பதைப் பெற்றோரிடம் சொல்லியே ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நோய் எதிர்ப்பைக் குறைப்பதால், 9 மாதத்தில் போடும் தட்டம்மை–ரூபெல்லா போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் இப்போது கூடாது. இதைத் தடுப்பூசி அட்டையின் மேலேயே சிவப்பு மையில் எழுதி, கிராம செவிலியரிடம் நேரில் பேசவும் செய்தேன். அவரிடம் விடுபட்ட குழந்தைகளின் பட்டியல் இருக்கும். பட்டியலில் பெயர் இருந்தால் ஊசி போடத்தானே பார்ப்பார்.

எட்டு வாரத்தில் மேல் சிரை மறுபடி குறுகியது. இரண்டாவது முறை பலூன். அதற்குப்பின் ஓரளவு நிலைத்திருக்கிறது.

அம்மாவும் குழந்தையும் மேட்டுப்பாளையத்தில் பெரியம்மா வீட்டில் இருக்கிறார்கள். அப்பா தோட்டத்து வேலையை விட முடியாது. ஞாயிறு பஸ்ஸில் இறங்கி இரவு ஏறுகிறார். எப்போது மேலே கூட்டி வரலாம் என்று பாட்டி போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். உயரம் இந்த நோயை உண்டாக்கவில்லை. ஆனால் சிரையால் ஏறிய அழுத்தத்தின் மேல் தமனிச் சுருக்கத்தையும் சுமத்தும். அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் எல்லோரும் சேர்ந்து சொல்லியிருக்கிறோம். பொங்கலுக்கு ஒருநாள் வந்து போவதென்றால் சிலிண்டரோடு வரலாம், இரவு தங்கக் கூடாது.

பிறந்து 12 மாதம், குறைமாதத்தைக் கழித்தால் 9 மாதம். எடை 6.1 கிலோ. பகலில் ஆக்சிஜன் இல்லை, தூங்கும்போது மட்டும் கால் லிட்டர். வலது கீழறை அழுத்தம் உடல் அழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. பால் குடிக்கும்போது வேர்ப்பதில்லை. இடது கீழ்ச் சிரை கடைசி எக்கோவில் தெரியவில்லை, மூடியிருக்க வாய்ப்பு அதிகம். மாதம் ஒரு எக்கோ தொடர்கிறது. மேல் சிரையின் வேகம் மறுபடி ஏறினாலோ, இடது பக்கக் கோடுகள் எக்ஸ்ரேயில் தடித்தாலோ, மூன்றாவது பலூனுக்கு முன் அடுத்த சி.டி. எடுக்கப்படும், அதுவரை வேண்டாம் என்று முடிவு.